மறுக்கும் முன் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்

அரசியல் பேச்சில் யாருக்காவது மறுப்புச் சொல்லும் முன், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒரே வரியில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேளுங்கள். அவர் "ஆமா" என்ற பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மகளிருக்கு இலவசப் பேருந்துப் பயணம் வேண்டாம் என்கிறார் மாமா. "மாமா, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்தைச் சீர்செய்யலாம்னு சொல்றீங்க, சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் "அது இல்லப்பா, பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல" என்பார். அப்போதுதான் தெரியும், இவ்வளவு நேரம் வேறு எதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று. தன் பேச்சு காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் குரலும் தானாக இறங்கும்.

நம் மரபிலேயே இது இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், மாற்றுச் சமயங்களின் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் 'பரபக்கம்' என்ற பகுதியை முதலில் வைத்துவிட்டு, தன் கொள்கையை அடுத்த பகுதியான 'சுபக்க'த்தில் சொல்கிறது.

திருப்பிச் சொல்லும்போது நக்கல் தொனி வேண்டாம், அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சாதி, மத வசவுக்கும் மிரட்டலுக்கும் இது பொருந்தாது. அங்கே பேச்சை நிறுத்திவிடுவதே சரி. வாட்ஸ்அப் வதந்திக்கும் வேண்டாம். திருப்பிச் சொன்னால் பொய்தான் இன்னொருமுறை பரவும். சரியான தகவலை மட்டும் போடுங்கள்.