லத்தீன் பாடநூலைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீன் கற்க முனையும் பெரியவர்கள் பலர், அதிகம் பாராட்டப்படும் புத்தகம் எதுவோ அதை வாங்கிவிடுகிறார்கள். அது யாருக்காக எழுதப்பட்டது, எந்த லத்தீனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பார்ப்பதில்லை. வகுப்பில் படிப்பவருக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. புத்தகத்தின் குறையை ஆசிரியர் நிரப்பிவிடுவார். வேலை முடிந்து இரவில் தனியாகப் படிப்பவருக்குப் புத்தகமே ஆசிரியர். இந்தக் கட்டுரை அவருக்கானது.

முதலில், லத்தீனில் எதைப் படிக்கப்போகிறீர்கள்? உரைநடைக்குப் பேர்போன சிசரோவும் கவிஞர் வெர்ஜிலும் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டுக்காரர். தமிழ் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இரண்டும் லத்தீனில் எழுதப்பட்டவை. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் வீரமாமுனிவர் லத்தீனில் பெயர்த்தார்.

இலக்கணத்தின் அடிப்படை எங்கும் ஒன்றுதான். சொற்களும் ஒலிப்பும் வேறுபடும். சிசரோவின் பெயரைச் செவ்வியல் முறையில் ‘கிகெரோ’ என்றும், திருச்சபை முறையில் ‘சிச்செரோ’ என்றும் சொல்வார்கள். வழிபாட்டு நூல்களையும் லத்தீன் விவிலியத்தையும் மட்டுமே படிக்க விரும்புபவர், ஜான் காலின்ஸ் திருச்சபை லத்தீனுக்கென்றே எழுதி 1985இல் வெளியான பாடநூலை எடுப்பது நல்லது. வீரமாமுனிவரைப் படிக்க விரும்புபவரும் பாதிரியார் எழுத்துதானே என்று அதையே எடுத்துவிடக்கூடாது. வீரமாமுனிவர் சேர்ந்திருந்த இயேசு சபையின் கல்வித்திட்டம் உரைநடைக்கு முன்மாதிரியாக வைத்தது சிசரோவை. ஆகவே வீரமாமுனிவரைப் படிப்பவருக்குச் செவ்வியல் பாடநூலே பொருந்தும்.

அடுத்த தவறு, பள்ளிப் பிள்ளைகளுக்கான நூலைத் தனியாகப் படிக்க எடுப்பது. 1970இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் லத்தீன் வரிசையில் பொம்பெய் நகரத்துக் கேசிலியுஸ் குடும்பத்தின் கதை மிக நன்றாக இருக்கும். ஆனால் அது வகுப்பறைக்காக எழுதப்பட்டது. இலக்கணம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சில வேற்றுமைகளுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும். இதன் மறுகோடியில் இருப்பது மோர்லாண்டும் ஃப்ளைஷரும் எழுதி 1977இல் வெளியான தீவிரப் பயிற்சி நூல். நாள் முழுவதும் லத்தீனே என்றிருக்கும் கோடை வகுப்புக்காக எழுந்த நூல் அது. வேலைக்குப் போகிறவரைச் சில பாடங்களிலேயே திணறடித்துவிடும்.

பெரும்பாலோர் கடைசியில் இரண்டு புத்தகங்களுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று, 1956இல் முதலில் வெளியான ஃபிரெடரிக் வீலாக்கின் நூல். நாற்பது பாடங்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் விளக்கம், பிறகு சொல் வடிவங்களின் அட்டவணை, சொற்பட்டியல், பழைய ஆசிரியர்களிடமிருந்து எடுத்த தனித்தனி வாக்கியங்கள். மற்றொன்று, டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க்கின் ‘ஃபமிலியா ரொமானா’. முப்பத்தைந்து அதிகாரங்களும் முழுக்க முழுக்க லத்தீன். ‘ரோமா இன் இத்தாலியா எஸ்ட்’ என்ற முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கம் வரை வேற்று மொழி ஒன்று குறுக்கிடாது. ஒரு ரோமானியக் குடும்பத்தின் கதை நகர நகர மொழியும் வளர்ந்துகொண்டே போகும்.

இந்த இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டையில் நேரத்தைக் கரைப்பது பெரிய தவறு. இரண்டிலும் ஒவ்வொரு குழி இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் போதும். வீலாக்கை முடித்தவர்களில் பலருக்கு அட்டவணைகள் தலைகீழ்ப் பாடம். தொடர்ந்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் புதிரை அவிழ்ப்பதுபோல் வினைச்சொல்லைத் தேடி அலைவார்கள். தனி வாக்கியங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் வராது. ஓர்பெர்க்கைப் படிப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஆபத்து. தொடக்க அதிகாரங்கள் இனிமையாகவும் எளிதாகவும் இருப்பதால், கதை புரிகிறது என்ற மகிழ்ச்சியில் விறுவிறுவென்று போய்விடுவார்கள். சொல்லின் ஈறு எதுவென்று பார்க்காமல் கதைப்போக்கிலிருந்தே பொருளை ஊகித்துவிடலாம். பாதி வழியில் வாக்கியங்கள் நீளும்போது ஊகம் கைவிட்டுவிடும். அங்கேதான் பலர் நின்றுபோகிறார்கள். அதிகார முடிவில் இலக்கணப் பகுதியும் மூன்று பயிற்சிகளும் இருக்கின்றன. அவற்றை எழுதி முடிக்காமல் அடுத்த அதிகாரத்தைத் திறக்கக்கூடாது.

தமிழ் வாசகருக்கு என் பரிந்துரை ஓர்பெர்க்தான். மற்றப் பெரும்பாலான நூல்கள் ஆங்கிலம் பேசுவோரின் தடுமாற்றங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேற்றுமை என்றால் என்ன, சொல்லின் ஈறு எப்படிப் பொருளைக் காட்டும் என்பதற்கே பக்கம் பக்கமாக விளக்கம் தருவார்கள். ஐ, கு, இல் என்று சேர்த்துப் பேசும் நமக்கு அது புதிதல்ல. ஆல், ஓடு, இன், இல் ஆகியவை தரும் பொருள்களில் பெரும்பகுதியை லத்தீனின் ‘அப்லேட்டிவ்’ என்ற வேற்றுமை ஒன்றே சுமக்கிறது என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். நமக்குக் கடினம் வேறு இடத்தில். தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. லத்தீனில் சொல்லைப் பொறுத்தது. ‘மென்ச’ என்ற மேசை பெண்பால். ‘அக்ரிகொல’ என்ற உழவன் அதே ஈற்றைக் கொண்டிருந்தும் ஆண்பால். நல்ல உழவனை ‘அக்ரிகொல பொனுஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். பெயரடை பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் ஒத்துப்போவது தமிழில் இல்லாத பழக்கம். அதற்கு நிறையப் பயிற்சி தராத புத்தகம் நமக்கு உதவாது.

நெடில் குறி இடாத பதிப்பையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். ‘புவெல்ல’ என்றால் பெண், எழுவாய். ‘புவெல்லா’ என்று ஈறு நீண்டால் வேற்றுமையே மாறிவிடும். குறில் நெடில் நம் காதுக்குப் பிறப்பிலேயே வாய்த்த சொத்து. உயிரெழுத்தின் மேல் கோடு போடாத நூலை எடுத்து அதை வீணாக்கக்கூடாது.

விடைகள் எங்கே கிடைக்கும் என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். வீலாக்கின் பின்பகுதியில் சுயபயிற்சி வினாக்களுக்கு விடை உண்டு, முதன்மைப் பயிற்சிகளுக்கு இல்லை. ஓர்பெர்க்கின் விடைகள் தனி நூலாக வருகின்றன. திருத்த ஆள் இல்லாதவர் அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பத்தாவது பாடம் கடினமாகிவிட்டது என்று வேறு புத்தகத்துக்குத் தாவுவது மிகவும் பரவலான தவறு. புதிய புத்தகத்தின் முதல் பாடங்கள் எளிதாகத் தோன்றுவது அவை ஏற்கெனவே தெரிந்தவை என்பதால்தான். இதில் வெளியே தெரியாத ஒரு கேடும் இருக்கிறது. பிரிட்டனில் அச்சாகும் நூல்கள் பெரும்பாலும் எழுவாய், விளி, இரண்டாம் வேற்றுமை என்ற வரிசையில் அட்டவணை போடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் கென்னடி எழுதிய லத்தீன் இலக்கணம் அங்கே நிலைநாட்டிய முறை அது. அமெரிக்க நூல்களில் எழுவாயை அடுத்து வருவது நம் ஆறாம் வேற்றுமைக்கு ஈடான வடிவம். ஓர்பெர்க்கின் வரிசை, விளியை விட்டுவிட்டால், பிரிட்டன் முறையை ஒத்தது. ஒரு வரிசையில் வாய்விட்டு உருப்போட்டவர் இன்னொன்றுக்கு மாறினால், தெரிந்த ஈறுகளும் குழம்பிப்போகும். இரண்டாவது புத்தகம் வேண்டுமென்றால் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அட்டவணை மட்டும் ஒரே நூலிலிருந்து இருக்கட்டும்.

பாடநூலை முடித்ததும் வெர்ஜிலைத் திறக்கலாம் என்று எந்தப் புத்தகத்தின் பின்னட்டை சொன்னாலும் நம்ப வேண்டாம். நடுவில் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. ஜெரோமின் லத்தீன் விவிலியத்தில் யோவான் நற்செய்தியும், 4ஆம் நூற்றாண்டில் யூட்ரோப்பியுஸ் எளிய உரைநடையில் எழுதிய ரோம வரலாற்றுச் சுருக்கமும் அந்த இடைவெளிக்கு ஏற்றவை. இரண்டின் மூலமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை ஓரளவு தடையின்றி ஓடத் தொடங்கிய பிறகு சீசர் எழுதியவற்றை எடுக்கலாம்.