டைம்அவுட் வந்தால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரின் பிஆரை (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்) போன வாரம் பார்த்தேன். பேமெண்ட் ஏபிஐக்குப் போகும் போஸ்ட் ரிக்வெஸ்ட்டை (பணம் கட்டச் சொல்லி சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) சுற்றி ஒரு ரீட்ரை லூப், அதாவது பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பும் கோடு, மூன்று முயற்சி. அந்த லூப்புக்குள்ளேயே ஐடெம்பொடென்சி கீயும் (ஒரே கட்டணம் இரண்டு முறை போகாமல் சர்வர் அடையாளம் காண அனுப்பும் எண்) உருவாகிறது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதியதும் இதேதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். எதற்கு கெட், எதற்கு போஸ்ட் என்ற பாடம் எல்லா டுடோரியலிலும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

போஸ்ட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவது

"என் முகவரியை இப்படி மாற்று" என்று வங்கியிடம் பத்து முறை சொன்னாலும் கடைசியில் இருப்பது ஒரே முகவரிதான். "500 ரூபாய் அனுப்பு" என்று பத்து முறை சொன்னால் 5,000 போய்விடும். முதலாவது ஐடெம்பொடென்ட், அதாவது எத்தனை முறை செய்தாலும் முடிவு ஒன்றே. இரண்டாவது அப்படியல்ல. 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9110, அதாவது எச்டிடிபியின் தர ஆவணம், கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், ட்ரேஸ், புட், டிலீட் ஆகிய ரிக்வெஸ்ட் வகைகளை ஐடெம்பொடென்ட் என்கிறது. போஸ்ட்டுக்கும் பேட்ச்சுக்கும் அந்த உறுதி கிடையாது.

அப்போது நான் எழுதிய க்ளையன்ட் 30 விநாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஒரு நாள் மாலை பணம் எடுக்கும் பேமெண்ட் கேட்வே மந்தமாகிவிட்டது. பணம் எடுபட்டது, பதில்தான் நேரத்துக்கு வரவில்லை. லாக்கில் ஒரே ஆர்டர் எண்ணுக்கு 30 விநாடி இடைவெளியில் மூன்று பரிவர்த்தனை எண்கள். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிய ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, நான் ஒரு தடவைதான் அமுக்கினேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. மீதி இரண்டு தடவை அமுக்கியது என் லூப். பணம் திரும்பிப் போய்ச் சேர ஒரு வாரம் ஆனது. அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கீ சேர்த்தேன், அதிலும் தப்பு செய்தேன். லூப்புக்குள் யூயூஐடி (ஒவ்வொரு முறையும் புதிதாக வரும் தனி அடையாள எண்) உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ வரும். சர்வருக்கு அவை மூன்று தனித்தனிக் கட்டணங்கள். பயனர் பொத்தானை அமுக்கும் அந்த நேரத்தில் கீயை உருவாக்கிச் சேமியுங்கள். எத்தனை முறை முயன்றாலும், ஆப் மூடித் திறந்தாலும், அந்தக் கட்டணத்துக்கு அதே கீதான் போக வேண்டும்.

சர்வர் பக்கமும் கவனம் வேண்டும். "கீ இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று இரண்டு படியாக எழுதாதீர்கள். ஒரே நேரத்தில் வரும் இரண்டு ரிக்வெஸ்ட்டுக்கும் "இல்லை" என்றே தெரியும். டேபிளில் கீ இருக்கும் நெடுவரிசைக்கு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போட்டு, முதலில் அதை இன்சர்ட் செய்யுங்கள். இரண்டாவது ரிக்வெஸ்ட்டை டேட்டாபேஸே தடுக்கும். முதல் பதிலைச் சேமித்து வைத்து, அதே கீ மறுபடி வந்தால் அதையே கொடுங்கள். அதே கீ வேறு தொகையோடு வந்தால் பிழை கொடுங்கள், ஸ்ட்ரைப் என்ற பேமெண்ட் நிறுவனத்தின் ஏபிஐ அப்படித்தான் செய்கிறது.

ப்ராக்ஸியை மறப்பது

உங்கள் கோடில் ரீட்ரை இல்லாவிட்டாலும், க்ளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் ரிக்வெஸ்ட்டைக் கடத்தும் ப்ராக்ஸி திரும்ப அனுப்பலாம். என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி, 1.9.13 பதிப்பு முதல், ஒரு சர்வருக்கு அனுப்பிவிட்ட போஸ்ட்டை அடுத்த சர்வருக்குத் தானாக அனுப்புவதில்லை. அதை அனுமதிக்கும் ஆப்ஷனை யாராவது கான்ஃபிகில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டாவது டிலீட்டுக்கு 404 வந்தால் பதறுவது

முதல் டிலீட்டிலேயே அழிந்துவிட்டதால் இரண்டாவதுக்கு 404 (கிடைக்கவில்லை) வரலாம். பதில் எண் மாறலாம். சர்வரின் நிலை மாறக் கூடாது, அவ்வளவுதான்.

கெட் லிங்க்கில் அழிப்பது

2005-ல் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் என்ற, பக்கங்களை வேகமாகத் திறக்க உதவும் மென்பொருள் பக்கத்திலுள்ள லிங்க்குகளை முன்கூட்டியே எடுத்தபோது, இப்படி எழுதிய ஆப்களில் யாரும் தொடாமலே தரவு அழிந்தது.

புட்டில் "ஒன்று கூட்டு"

வேண்டாம். திரும்ப அனுப்பினால் இன்னொன்று கூடிவிடும்.

சோதிக்காமல் மெர்ஜ் செய்வது

சர்வரில் டேட்டாபேஸ் கமிட் ஆன பிறகு, பதில் போகும் முன், 35 விநாடி ஸ்லீப் போடுங்கள். க்ளையன்ட் மூன்று முறையும் முயலட்டும். பிறகு பேமெண்ட் டேபிளைத் திறந்து எண்ணுங்கள். அந்த ஆர்டருக்கு ஒரு வரிசைக்கு மேல் இருந்தால் பிஆரைத் திருப்பி அனுப்புங்கள். தம்பியின் பிஆரில் மூன்று இருந்தது.