கடலின் ஒரு பகுதியை ஊர்வழக்கப்படி மூடித் திறப்பது எப்படி

கடற்கரை ஊரார் தங்கள் மீன்பிடிப் பரப்பின் ஒரு பகுதியை, அங்குள்ள உயிரினங்கள் பெருகட்டும் என்று, யாரும் எதையும் எடுக்காதபடி சில காலம் மூடிவைத்துப் பிறகு திறப்பது, பல நாடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் அதற்குச் 'சாசி' என்று பெயர், ஃபிஜியில் 'தாம்பு'. இந்த வழக்கத்தை மீட்டெடுக்க விரும்பும் ஊர்க்குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மூடினால் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதாகும்.

படகு உள்ளவர் வேறு இடம் தேடிப் போய்விடுவார். வற்றத்தின்போது கால்நடையாகச் சென்று மட்டியும் சிப்பியும் சேகரிக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த வழி கிடையாது. ஆனால், கண்காணிக்க எளிது என்பதால், பெரும்பாலும் அவர்கள் நடமாடும் கரையோரமே மூடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆகவே அவர்களுடன் தனியாக ஒரு கூட்டம் நடத்துங்கள்; அதை வற்ற நேரத்தில் வைத்தால் அவர்களால் வர இயலாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். யார், எந்த மாதத்தில், எதை, எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை மணலில் படம் வரைந்து கேட்டால் பேச்சு தானாக வளரும். அந்தப் பரப்பில் ஒரு பங்கையாவது திறந்தே விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு காலம் மூடுவது என்பதை உயிரினமே தீர்மானிக்கிறது. ஆக்டோபஸ் சில மாதங்களிலேயே பல மடங்கு எடை கூடும். மடகாஸ்கரின் அண்டவடோகா ஊரார் 2004-இல் ஒரு பாறைத்திட்டை ஏறத்தாழ ஏழு மாதங்கள் மூடியது அதை நம்பித்தான். ஃபிஜியின் உசுனிவனுவா ஊரில் 1997-இல் 24 ஹெக்டேர் பரப்பை மூன்று ஆண்டுகளுக்கு மூடினார்கள். அங்கே பெருக வேண்டியிருந்தது மட்டி. வெகுதூரம் அலையும் மீன்களுக்குச் சிறிய இடத்தை மூடுவதால் பெரிய பயன் இல்லை.

மூடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை நீரில் நீட்டி, முடிச்சுகளின் அருகே ஒரு சதுர மரச்சட்டத்தை வைத்து, அதற்குள் அகப்படும் மட்டிகளை எண்ணி, அளந்து, குறித்துக்கொண்டு, மீண்டும் அங்கேயே விட்டுவிட வேண்டும். இதை ஊராரே செய்வது நல்லது. தாம் எண்ணிய கணக்கை யாரும் மறுப்பதில்லை.

காவலும் தண்டமும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். மலுக்குவில் 'கேவாங்' எனப்படும் காவலர்கள் இதற்கென்றே உள்ளனர். மடகாஸ்கரில் 'தீனா' என்னும் ஊர்க்கட்டுப்பாட்டை நீதிமன்றம் ஏற்று உறுதிசெய்ய வழியுண்டு. ஊர்த்தலைவரின் வீட்டாருக்கும் அதே தண்டம் என்று எழுதிவைக்காத கட்டுப்பாடு முதல் மீறலிலேயே நைந்துபோகும். வெளியூர் இழுவைப் படகுகளைத் தடுக்கவோ அரசின் ஏற்பு தேவை. விண்ணப்பிக்கும்போது, வழக்காற்று உரிமைகளை மதிக்குமாறு கூறும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2014-ஆம் ஆண்டுச் சிறுதொழில் மீன்பிடி வழிகாட்டுதல்களை எடுத்துக்காட்டலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது திறக்கும் நாள். மாதக்கணக்கில் காத்துப் பெருக்கியதைச் செய்தி கேட்டுத் திரண்டு வரும் கூட்டம் ஒரு சில நாட்களில் வாரிக்கொண்டு போய்விடக்கூடும். ஒரே நாளில் குவியும் சரக்குக்கு வியாபாரி விலையையும் இறக்கிவிடுவார். எனவே மூடும் நாளன்றே திறப்பின் விதிகளையும் அறிவித்துவிடுங்கள். முதல் நாட்கள் நடந்து சேகரிப்பவர்களுக்கு. படகுகள் அதன் பிறகு. அக்கம்பக்கத்து ஊர்களுக்கு என்ன பங்கு என்பதை அவர்களுடனேயே பேசி முடியுங்கள். நல்ல இடங்களுக்குப் போட்டி வருமானால், பழவேற்காடு ஏரியின் 'பாடு' முறையைப்போல, சீட்டுக் குலுக்கி முறைவைக்கலாம். எடுக்கத்தக்க அளவில் வெட்டுக் குறியிட்ட குச்சி ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, அதற்குக் குறைந்ததை அந்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். விலையை இரண்டு மூன்று வியாபாரிகளிடம் முன்பே பேசி வையுங்கள். மீண்டும் மூடும் தேதி வந்ததும், அதே கயிற்றை அதே இடத்தில் நீட்டி மறுபடி எண்ணி, கிடைத்த கணக்கை, மட்டி சேகரிக்கும் பெண்களின் கூட்டத்தில் முதலில் வாசித்துக் காட்டுங்கள்.