சுவர்க் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? முதலில் கண் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

வில்லிவாக்கத்தில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதிதில் மூன்றடி நீளத்தில் ஒரு சுவர்க் கண்ணாடி வாங்கினோம். மாட்ட வந்தவர் தன் உயரத்துக்குப் பார்த்து நான்கு திருகாணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு எதிரே நின்றால், முழங்காலுக்கு மேலேயே நான் முடிந்துவிட்டேன். கொசுவம் எப்படி விழுந்திருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் லாஃப்டில் அடுக்கியிருந்த பெட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. "கொஞ்சம் பின்னாடி போய் நின்னு பாரேன்" என்றார் கணவர். போனேன். கட்டிலில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அஞ்சடி வாங்கியிருக்கணும் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கண்ணாடியின் நீளத்தில் ஒரு குறையும் இல்லை, மாட்டிய இடம்தான் தப்பு என்பது அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்போடு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கூட்டலும் இரண்டால் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

விதி ஒன்றுதான்

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சட்டத்தில் அடித்துக் காயைப் பிடிப்பீர்களே, அதே கணக்கு. எந்தச் சாய்வில் போய் மோதுகிறதோ கிட்டத்தட்ட அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். உலக சாம்பியன் மரிய இருதயத்தின் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒளி இன்னும் நல்ல பிள்ளை, 'கிட்டத்தட்ட' எல்லாம் அதற்குக் கிடையாது.

இப்போது கண்ணாடி முன் நில்லுங்கள். உங்கள் கால் விரல் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், அங்கிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வர வேண்டும். ஏறும் சாய்வும் திரும்பும் சாய்வும் ஒன்று. காலும் கண்ணும் சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. அப்படியானால் ஒளி படும் இடம் தரைக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில்தான் இருக்க முடியும். அதற்குக் கீழே கண்ணாடி இருந்தால் தரைதான் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். அதேபோல உச்சந்தலை தெரியும் இடம், கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில்.

இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட நீளம் உங்கள் உயரத்தில் சரியாகப் பாதி. நீங்கள் இரண்டடி தள்ளி நின்றாலும் ஆறடி தள்ளி நின்றாலும் அது மாறாது. தூரம் கணக்கிலேயே வரவில்லை, கவனித்தீர்களா?

நம்பிக்கை வரவில்லையா? ஒட்டுப் பொட்டு இருக்கிறதே, அதில் இரண்டு எடுங்கள். பீரோ கண்ணாடி முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று, தாடை தெரியும் இடத்தில் ஒன்று, நெற்றி மேட்டில் ஒன்று கண்ணாடியில் ஒட்டுங்கள். பிறகு தலையை அதே உயரத்தில் வைத்தபடி பின்னால் நகருங்கள். முகம் அந்த இரண்டு பொட்டுகளுக்கு நடுவிலேயே அடங்கி நிற்கும். பொட்டுகளுக்கு இடையே அளந்தால் முகத்தின் நீளத்தில் பாதிதான் இருக்கும். பின்னால் போகப் போக அறை கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். நம் உடம்பு ஒரு விரற்கடை கூடக் கூடுதலாகத் தெரியாது. அன்றைக்குக் கட்டிலில் இடித்துக்கொண்டது வீண்.

படி 1: எல்லோரையும் சுவரோடு நிறுத்துங்கள்

செருப்பில்லாமல். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவு: உயரம், தரையிலிருந்து கண் வரை உயரம். எங்கள் வீட்டில் நான் 157 செ.மீ., கண் 146. கணவர் 174, கண் 163. மகள் 122, கண் 111.

படி 2: கீழ் விளிம்பும் மேல் விளிம்பும்

கீழ் விளிம்பு: கண் உயரத்தில் பாதி. எனக்கு 73, அவருக்கு 81.5, மகளுக்கு 55.5.

மேல் விளிம்பு: கண் உயரத்தையும் உச்சந்தலை வரையிலான முழு உயரத்தையும் கூட்டிப் பாதி. எனக்கு 151.5, அவருக்கு 168.5, மகளுக்கு 116.5.

எனக்கு மட்டும் என்றால் 73இலிருந்து 151.5 வரை, 78.5 செ.மீ. போதும். என் உயரத்தில் பாதி. ஆனால் வீட்டுக்கு ஒரே கண்ணாடி என்றால், கீழ் விளிம்பைக் குள்ளமானவரிடமிருந்தும் மேல் விளிம்பை உயரமானவரிடமிருந்தும் எடுக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் 73இலிருந்து 168.5 வரை, 95.5 செ.மீ. மகளையும் சேர்த்தால் 55.5இலிருந்து தொடங்கி 113 செ.மீ., அதாவது ஏறத்தாழ 45 அங்குலம்.

பிள்ளைக்காக அந்த ஏழு அங்குலத்தையும் சேர்த்து யாரும் பெரிய கண்ணாடி வாங்காதீர்கள். இரண்டு வருடத்தில் அவள் வளர்ந்துவிடுவாள், கீழ்ப்பகுதி வேலையில்லாமல் நிற்கும். யூனிஃபார்ம் சரிபார்க்க அவளுக்கு 61 செ.மீ. தனிக் கண்ணாடி போதும். வளர வளர அதை மேலே ஏற்றிக்கொள்ளலாம். கொண்டையும் மல்லிகைப் பூவும் தெரிய வேண்டுமென்றால் மேலே மூன்று நான்கு செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பழைய கண்ணாடிக்கு வருகிறேன். 91 செ.மீ. நீளம். கீழ் விளிம்பு தரையிலிருந்து 105இல் இருந்தது. அதன் இரு மடங்கு 210. என் கண் உயரம் 146ஐக் கழித்தால் 64. ஆக, தரையிலிருந்து 64 செ.மீ.க்குக் கீழே என்னில் எதுவும் தெரியாது. உங்கள் வீட்டுக் கண்ணாடி எதுவரை காட்டும் என்பதையும் இப்படியே கண்டுபிடிக்கலாம்.

படி 3: அகலம்

தோள் அகலத்தில் பாதி என்று கணக்குச் சொல்லும். அது அட்டென்ஷனில் நிற்பவர்களுக்கு. கொண்டை போடும்போது முழங்கைகள் இரண்டும் விரியுமே? எனக்கு அப்போது 86 செ.மீ. வந்தது. பாதி 43. அதனால் 45 செ.மீ., கடைக்கணக்கில் 18 அங்குலம், என்று வைத்துக்கொண்டால் முந்தானையைப் பின் குத்தவும் இடம் இருக்கும்.

படி 4: சாய்வு இருக்கிறதா என்று பாருங்கள்

மேலே சொன்னது எல்லாம் கண்ணாடி சாயாமல் சுவரோடு ஒட்டி நேராக இருந்தால்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு மாறும், அப்போது தூரமும் உள்ளே வந்துவிடும்.

எங்கள் தாத்தா வீட்டில் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று ஆணியில் கயிற்றால் தொங்கும், தலைப்பக்கம் முன்னால் சாய்ந்தபடி. பழைய சலூன்களிலும் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். முன்னால் சாய்ந்தால் இன்னும் கீழேயிருந்து வரும் ஒளியும் கண்ணுக்குத் திரும்பும். உயரத்தில் மாட்டிய சின்னக் கண்ணாடியிலும் வேட்டிக் கரை வரை தெரியும்.

ஓனர் ஆணி அடிக்க விடாத வீடுகளில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு: கண்ணாடியைத் தரையில் வைத்துச் சுவரில் சாய்ப்பது. 5 டிகிரி சாய்ந்து, நீங்கள் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால், முகம் தெரியும் இடம் சுமார் 13 செ.மீ. கீழே இறங்கும். எனவே தரைக் கண்ணாடி என் மேல் விளிம்பான 151.5 வரை வர வேண்டியதில்லை, 140க்குள் முடிந்துவிடலாம். இங்கே மட்டும் "பின்னாடி போய் நில்லு" என்பது நல்ல யோசனை. அடி வழுக்காமல் ரப்பர் வைத்துவிடுங்கள்.

எதிரே மேஜையோ கட்டிலோ நீட்டிக்கொண்டிருந்தால், காலிலிருந்து ஏறும் ஒளியை அது மறித்துவிடும். விளிம்பு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

படி 5: கடையும் சுவரும்

பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சொன்ன அளவுக்கு வெட்டிக் கொடுப்பார்கள். விலை சதுர அடிக்கு. 38 × 18 அங்குலம் என்றால் 4.75 சதுர அடி. அளவை மேலே ஏற்றிக் கணக்குப் போடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். விளிம்பு பாலிஷ் கட்டாயம். 5 மி.மீ. கனத்தில் இந்த அளவு ஐந்தரைக் கிலோ வரும். வெறும் ஆணி தாங்காது, பிளக் வைத்துத் திருகாணி போட வேண்டும். சிலிகான் பசை என்றால், புளித்த காடி வாடை அடிக்கும் வகை வேண்டாம், அது பின்பக்க வெள்ளிப் பூச்சை அரிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே சிறிது காற்றோட்டம் விடுங்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் விளிம்பிலிருந்து கருப்பு படரத் தொடங்கும்.

மாட்டும் முன் செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, விளிம்புகளின் உயரத்தை ஒருமுறை டேப்பால் சரிபாருங்கள். மாட்ட வருபவரிடம் "கண்ணுக்கு நேரா" என்று சொல்லாதீர்கள். பென்சில் கோட்டைக் காட்டுங்கள்.

நாங்கள் புதுக் கண்ணாடி வாங்கவில்லை. பழையதையே 73இல் இறக்கினோம். மேல் விளிம்பு 164இல் நின்றது. அவருக்கு 168.5 வேண்டும், அதனால் புருவத்துக்கு மேலே தெரிவதில்லை, தலை வார லேசாகக் குனிகிறார். என் கொசுவம் முழுதாகத் தெரிகிறது. பழைய துளைகளில் கீழ் இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டன. மேல் இரண்டில் ஒன்றில் தினசரி காலண்டர் தொங்குகிறது, இன்னொன்றை ஓனர் இன்னும் பார்க்கவில்லை.