குளிர்கால ஹாக்ஸ்பரி ஆற்றில் கயாக் தூண்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் ஜூன் பிறந்தால் வாளை தேடிப் போகிற காலம். நம்மூர் மீன் சந்தையில் வெள்ளி நாடா மாதிரி நீளமாகக் கிடக்குமே, அதே மீன்தான். ஆற்றோடு சேரும் கவன் க்ரீக்கின் ஆழமான குடாக்களில் இருட்டிய பிறகு இரை எடுக்கும். கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டுப் போகிற ஒடுக்கமான சிறு படகில், உட்கார்ந்து அதைப் பிடிப்பது தனி சுகம். ஆனால் கோடையில் நனைந்து சிரித்துவிட்டுப் போகிற தவறுகள், இந்த மாதங்களில் உயிருக்கே வந்துவிடும்.

பெரிய தவறு நங்கூரத்தில்தான் நடக்கிறது. கைக்கு எட்டுகிறது என்று கயிற்றைக் கயாக்கின் பக்கவாட்டில், இருக்கைக்கு அருகிலேயே கட்டிவிடுகிறோம். கடல் வற்றும்போது ஆற்று நீர் கடலை நோக்கி இழுக்கும் வற்று ஓட்டம் வேகம் பிடித்ததும் கயாக் குறுக்கே திரும்பும், கயிறு விறைக்கும், ஒரு பக்கம் தண்ணீரை நோக்கிச் சாயும். அவிழ்க்கலாம் என்று அந்தப் பக்கமே குனிந்தால், நம் எடையே கவிழ்த்துவிடும். எனக்கு ஒருமுறை விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டது. மரத்துப்போன விரலால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நெஞ்சில் செருகியிருந்த கத்தியால் அறுத்தேன். நங்கூரம் போனது போகட்டும். கயிறு முனையிலிருந்துதான் இழுக்க வேண்டும், முன்முனையோ பின்முனையோ. அதற்கென்றே கப்பி வைத்து ஓடும் கயிறு கிடைக்கிறது, மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டம் வேகமாக இருந்தால் நங்கூரமே வேண்டாம்.

அடுத்தது, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஏற்றவற்ற அட்டவணையை மட்டும் பார்த்துக் கிளம்புவது. கடலோரத்துக்குச் சொன்ன நேரம் ஆற்றில் மேலே போகப் போகத் தள்ளிப்போகும். அதைவிட முக்கியம் காற்று. இங்கே குளிர்காலத்தில் மேற்குக் காற்று அதிகம். ஆற்றங்கரை ஊரான புரூக்லின் பக்கம் வற்று ஓட்டமும் கிழக்கே, கடலைப் பார்த்துத்தான் போகிறது. இரண்டும் சேர்ந்தால் போவது சுலபம், திரும்புவது நரகம். கடல் ஏறும்போது ஆற்றுக்குள் வரும் ஏற்று ஓட்டத்தை மேற்குக் காற்று எதிர்த்து அடித்தால் குட்டையான, செங்குத்தான அலை எழும். அதனால் திரும்பும் வழியை முதலில் கணக்குப் போடுங்கள். களைத்த பிறகு தண்ணீர் உங்களைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

உடை விஷயத்தில் வெயிலை நம்பாதீர்கள். மதியம் 17 டிகிரி இருக்கும், ஜீன்ஸ் போதும் என்று தோன்றும். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த நொடியில் மூச்சு நம்மைக் கேட்காமலே உள்ளே இழுக்கும். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் போகும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருந்தால் முகம் மேலே நிற்கும், ஒரு நிமிடத்தில் மூச்சு வசத்துக்கு வரும். இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்த ஜாக்கெட்டால் பயனில்லை. பருத்தி வேண்டவே வேண்டாம். போனை நீர்புகாப் பையில் போட்டு ஜாக்கெட்டோடு கட்டுங்கள். கயாக்கில் கட்டினால் அது ஓட்டத்தோடு போய்விடும்.

கவன் க்ரீக்கில் பல இடங்களில் கரையே பாறைச் சுவர்தான், நீந்திப் போனாலும் ஏற இடமிருக்காது. கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறத் தெரியாதவர் அங்கே தனியாகப் போகக் கூடாது. கோடையில் இடுப்பளவு தண்ணீரில் பத்து முறை பழகிவிட்டு வாருங்கள்.

ஜூன் கடைசியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெள்ளை விளக்கு இல்லாமல் இருந்தால் மோட்டார் படகுக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

அப்புறம் மீன். மத்தியை இரையாகக் கோத்து, முள்ளுக்கு மேலே கம்பி கட்டாமல் விட்டால் வாளை தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்துக்கொண்டு போகும். அந்தப் பல் தொடையையும் விடாது. உயிரோடு மடியில் போடாமல், கயாக்கின் பக்கத்திலேயே பிடித்து அடக்கிவிட்டு நேராக ஐஸ் பைக்குள் போடுங்கள்.