விறகும் சாம்பலும்: ஆவிக்குரிய வரங்களை வளர்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

"தேவவரத்தை நீ அனல்மூட்டி எழுப்பிவிடும்படி உனக்கு நினைப்பூட்டுகிறேன்" என்று தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:6). விறகடுப்பை ஊதிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். உள்ளே தணல் இருக்கிறது, மேலே சாம்பல் மூடியிருக்கிறது. வரம், அதாவது ஊழியத்துக்கென்று ஆவியானவர் கொடுக்கும் திறன், போய்விட்டது என்று பவுல் சொல்லவில்லை. ஊதாமல் விட்டுவிட்டாய் என்கிறார்.

இதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய பகுதி லேவியராகமம் 6. பலிபீடத்து அக்கினி அவியக்கூடாது. ஆசாரியன் காலைதோறும் அதன்மேல் கட்டைகளைப் போட வேண்டும், சாம்பலை அள்ளிப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டதாக 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. தீ அவருடையது, விறகும் சாம்பலும் நம் வேலை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வதில்தான் நம்முடைய பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

வரம் தெரிந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருப்பது

1970களில் அமெரிக்கச் சபைகளில் பரவிய, யாருக்கு என்ன வரம் என்று கணிக்கும் வினாத்தாள்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. நானும் ஒருமுறை நிரப்பினேன். போதித்தல்தான் முதலிடம். ஓய்வுநாள் பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகள் இருபதே நிமிடத்தில் அந்த முடிவைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்! வினாத்தாள் நம் விருப்பத்தைச் சொல்லும். நம்மால் மற்றவர்களுக்குப் பயன் உண்டா என்பதை அந்த மற்றவர்கள்தான் சொல்ல முடியும்.

புதிய ஏற்பாட்டில் வரங்களைப் பற்றிய முக்கியப் பகுதிகள் நான்கு: ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4, 1 பேதுரு 4. எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. பேதுரு பேசுவது, உதவி செய்வது என்று இரண்டோடு முடித்துக்கொள்கிறார். முழுப் பட்டியல் கொடுப்பது இவர்களுடைய நோக்கம் இல்லை என்பது தெளிவு. பிலிப்புவைப் பாருங்கள். அப்போஸ்தலர் 6-இல் விதவைகளின் பந்தி விசாரிப்புக்கு நியமிக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவர். 8-ஆம் அதிகாரத்தில் சமாரியாவில் பிரசங்கிக்கிறார். 21:8-இல் அவருக்குப் பெயரே சுவிசேஷகன். "என் வரம் இது இல்லையே" என்று பந்தியிலிருந்து அவர் விலகி நின்றிருந்தால்?

மேடையை வைத்து வரத்தை எடை போடுவது

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரோமர் 12 தீர்க்கதரிசனத்தையும் இரக்கம் செய்வதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அப்போஸ்தலர் 9-இல் வரும் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே எடுத்துக் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த துணிகள்.

வரத்தை முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்வது

என் கணக்கில் இதுதான் மிகவும் ஆபத்தானது. கொரிந்து சபையார் "யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள்" என்று பவுலே எழுதுகிறார். அதே கடிதத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி, நீங்கள் இன்னும் குழந்தைகள் என்கிறார். அங்கே கட்சி இருந்தது, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். வரங்கள் மட்டும் குறையவே இல்லை. கர்த்தரிடமிருந்து பெரும் பலம் பெற்ற சிம்சோன் கதை இதைவிடப் பயங்கரம்: கர்த்தர் தன்னைவிட்டு விலகியதே தெரியாமல், எப்போதும்போல உதறிக்கொண்டு எழுந்து போகலாம் என்று நினைத்தான்.

அப்படியானால் ஒருவரைப் பொறுப்பில் வைக்க எதைப் பார்ப்பது? 1 தீமோத்தேயு 3-இல் கண்காணிக்குரிய (சபையை மேற்பார்ப்பவருக்குரிய) தகுதிகளைப் படித்துப் பாருங்கள். கோபம், பணஆசை, குடும்பம், வெளியார் சொல்லும் நற்சாட்சி என்றே போகிறது. வரம் என்று சொல்லத்தக்கது அநேகமாகப் போதகசமர்த்தன் என்ற ஒன்றுதான். "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்ற எச்சரிக்கையும் அங்கேதான் வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? குரல் நன்றாக இருக்கிறது என்று, நேற்று வந்த தம்பியை இன்று ஆராதனை நடத்த நிறுத்திவிடுகிறோம். இரண்டு வருடம் கழித்து அவன் சோர்ந்து விலகினால், அவன்மேல் குற்றம் சொல்கிறோம். அவனை அவசரமாக ஏற்றிவிட்டவர்களை யாரும் கேட்பதில்லை.

சத்தத்தை அனல் என்று நம்புவது

முகாமின் கடைசி இரவில் அழுகிறோம், பொருத்தனை செய்கிறோம். அடுத்த புதன்கிழமை எல்லாம் பழையபடி. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. தீ வந்தது, வீட்டுக்குப் போனபிறகு கட்டை போட ஆளில்லை, அவ்வளவுதான். "ஆவியிலே அனலாயிருங்கள்" என்ற ரோமர் 12:11-க்கு அடுத்தடுத்து வருவதைப் பாருங்கள்: துன்பத்தில் பொறுமை, ஜெபத்தில் உறுதி, குறைவுபட்டவர்களுக்கு உதவி, அந்நியரை உபசரிப்பது. எல்லாமே சின்னச் சின்னச் சுள்ளிகள். "உலகத்தைக் கலக்குவேன்" என்று பொருத்தனை செய்வதைவிட, வாரம் ஒருமுறை நோயாளி ஒருவரைப் போய்ப் பார்ப்பேன் என்று முடிவெடுப்பது நெடுநாள் எரியும்.

சிலருக்குச் சிக்கல் நேர்மாறானது. இருபது வருடத்துக்கு முன் நடந்த ஒரே சாட்சியை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது உண்மையில் எரிந்த கட்டைதான். ஆனால் அள்ளாத சாம்பல் புதுத் தீயை மூச்சுமுட்ட வைக்கும்.

திருத்தத்துக்கு இடம் கொடாதது

அந்நிய பாஷை, குணமாக்குதல் போன்ற வரங்கள் இன்றும் உண்டா என்பதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்று பொது: "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்பது மற்றவர்கள் வாயை அடைக்கும் பூட்டாகக் கூடாது. ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்ற 1 தெசலோனிக்கேயர் 5:19-ஐ எடுத்துக்காட்டுகிறவர்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்ற 21-ஐயும் சேர்த்து வாசிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வசனம்தான்!

அப்போஸ்தலர் 18-இல் வரும் பிரசங்கி அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், ஆவியில் அனலுள்ளவன், ஆனால் யோவானின் ஞானஸ்நானம் மட்டுமே அறிந்தவன். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தனியே அழைத்து விளக்கினார்கள். அவன் கேட்டுக்கொண்டான். திருத்தியவர்களும் சபை நடுவில் எழுந்து நின்று மானத்தை வாங்கவில்லை.

ஓயாமல் எரிய முயல்வது

கர்மேல் மலையில் வானத்து அக்கினியைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்கிறார். தூதன் பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிட வைக்கிறான். சபை வேலை ஐந்தைத் தலையில் போட்டுக்கொண்டு, ஜெபிக்க முடியவில்லையே என்று குற்ற உணர்வில் தவிப்பவர்கள் முதலில் நன்றாகத் தூங்கிப் பார்க்கலாம். அப்புறம் இரண்டு வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனையும் அதுதான்.

தீமோத்தேயுவிடம் வரத்தை அனல்மூட்டச் சொன்ன அதே பவுல், அவனுக்கு எழுதிய முதல் கடிதத்தில், உன் வயிற்றிற்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறார்.