யூனிவர்ஸ் டேட்டாவை பவர் பிஐ-க்குக் கொண்டுவருவது: ஓடிபிசிக்கு முன்னால் டிக்‌ஷனரி

பிக் என்ற பழைய டேட்டாபேஸ் அமைப்பின் வழி வந்த யூனிவர்ஸ், யூனிடேட்டா, டி3, ஜேபேஸ் போன்ற டேட்டாபேஸ்கள் இன்னும் பல கம்பெனிகளில் ஆர்டரும் ஸ்டாக்கும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1960-களில் டிக் பிக், டான் நெல்சன் போன்றவர்கள் தொடங்கிவைத்த வடிவமைப்பு இது. இதில் ஒரே ரெக்கார்டின் ஒரே ஃபீல்டுக்குள் பல மதிப்புகள் உட்காரலாம். பவர் பிஐ போன்ற ரிப்போர்ட் கருவிகளுக்கு அது புரியாது. அவற்றுக்கு டேபிளின் ஒரு செல்லில் ஒரு மதிப்புதான். இந்த இடைவெளியை ஓடிபிசி டிரைவர் (டேட்டாபேஸையும் ரிப்போர்ட் கருவியையும் இணைக்கும் மென்பொருள்) தானாக நிரப்பிவிடாது, டிக்‌ஷனரிதான் நிரப்ப வேண்டும். ஒரு ஃபைலின் ஃபீல்டுகளை விவரிக்கும் பதிவுகளின் தொகுப்புதான் டிக்‌ஷனரி. நான் பயன்படுத்துவது யூனிவர்ஸ், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

1. டிரைவரும் இணைப்பும்

யூனிவர்ஸின் ஓடிபிசி டிரைவரை உங்கள் கணினியில் நிறுவுங்கள். சர்வரில் வெளி இணைப்புகளை ஏற்கும் யூனிஆர்பிசி சேவை ஓடுகிறதா, 31438 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பவர் பிஐ 64 பிட் என்றால் டிஎஸ்என்-ஐயும் (இணைப்பு விவரங்களைச் சேமித்துவைக்கும் பெயர்) 64 பிட் ஓடிபிசி நிர்வாகியில்தான் உருவாக்க வேண்டும். பழைய கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் 32 பிட், அதற்குத் தனியாக ஒன்று வேண்டும். இணைப்பு பட்டியலில் டிஎஸ்என் பெயரே காணவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

2. அக்கவுண்ட்டைத் திறந்துவிடுதல்

யூனிவர்ஸில் அக்கவுண்ட் என்பது ஃபைல்கள் சேர்ந்திருக்கும் இடம். சர்வரில் எச்எஸ்.அட்மின் அக்கவுண்ட்டுக்குள் போய் அதே பெயருள்ள மெனுவை ஓட்டுங்கள். உங்கள் அக்கவுண்ட்டின் ஃபைல்களுக்கு அனுமதி தரும் தேர்வைக் கொடுத்தால் போதும்.

3. டிக்‌ஷனரி

நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். நீங்களும் நிதானமாகச் செய்யுங்கள்.

ஆர்டர்ஸ் என்று ஒரு ஃபைல். 3-ஆம் ஃபீல்டில் பொருள்கள், 4-இல் எண்ணிக்கை, 5-இல் விலை. ஓர் ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால் மூன்று ஃபீல்டிலும் மும்மூன்று மதிப்புகள், நடுவில் வேல்யூ மார்க், அதாவது 253-ஆம் எழுத்து. எக்செலில் மேலே கோடு போட்ட ஒய் போன்ற எழுத்து தென்பட்டால் அது இந்த மார்க்தான்.

டி வகை (சேமித்த ஃபீல்டை விவரிக்கும்) டிக்‌ஷனரி பதிவில் 6-ஆம் வரி ஒற்றை மதிப்பா பல மதிப்பா என்று சொல்கிறது: எஸ் அல்லது எம். 7-ஆம் வரி, அந்த ஃபீல்டு எந்தக் கூட்டத்தைச் (அசோசியேஷன், சேர்ந்தே வரும் பல மதிப்பு ஃபீல்டுகளின் தொகுதி) சேர்ந்தது என்று சொல்கிறது. பழைய அக்கவுண்ட்களில் எம் இருக்கும், 7-ஆம் வரி காலியாக இருக்கும். பச்சைத் திரையில் (பழைய டெர்மினலில்) லிஸ்ட் கட்டளை அப்படியும் ஒழுங்காகக் காட்டிவிடுவதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் 7-ஆம் வரி காலியாக இருந்தால், ஓடிபிசி வழியாக வரும்போது ஒவ்வொரு பல மதிப்பு ஃபீல்டும் தனித்தனி டேபிளாக நிற்கும். அவற்றை ஆர்டர் எண்ணை வைத்து இணைத்தால் பொருள் மூன்று, எண்ணிக்கை மூன்று, மொத்தம் ஒன்பது வரிகள். விலையையும் சேர்த்தால் இருபத்தேழு. பிழைச் செய்தி எதுவும் வராது. விற்பனைத் தொகை மட்டும் வீங்கியிருக்கும், அந்த எண்ணை நம்பி ஒருவர் முடிவெடுத்துவிடுவார்.

அதனால் மூன்று ஃபீல்டின் 7-ஆம் வரியிலும் ஒரே பெயரை, ஐட்டம்ஸ் என்று, எழுதுங்கள். அதே பெயரில் புதிய டிக்‌ஷனரி பதிவு ஒன்று: முதல் வரி பிஎச் (ஃப்ரேஸ், பல பெயர்களைச் சேர்த்துச் சொல்லும் பதிவு வகை), இரண்டாம் வரியில் மூன்று ஃபீல்டுகளின் பெயர்கள், நடுவில் இடைவெளி விட்டு. ஐ வகைக் கணக்கு ஃபீல்டுகளுக்கும் இதே விதிதான், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் 3-ஆம் வரி. தேதிக்கு டி4, பணத்துக்கு எம்டி2 போன்ற மாற்றக் குறியீடு அங்கே இருக்க வேண்டும். யூனிவர்ஸ் 1967 டிசம்பர் 31-ஐப் பூஜ்யமாக வைத்து நாட்களை எண்ணுகிறது. குறியீடு இல்லாவிட்டால் 2024 ஜனவரி 1 என்பது 20455 என்ற வெறும் எண்ணாக வந்து நிற்கும். 125.50 ரூபாய் 12550 ஆகிவிடும். இதை பவர் பிஐ-யின் பவர் குவெரியில் சரிசெய்யலாம்தான், ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். டிக்‌ஷனரியில் ஒருமுறை செய்வதே நல்லது.

ஃபைலில் நூறு ஃபீல்டு இருந்தால், அட் செலக்ட் (@SELECT) என்ற பிஎச் பதிவில் தேவையான பெயர்களை மட்டும் கொடுங்கள். வெளியே அவைதான் தெரியும்.

4. கேஷைப் புதுப்பித்தல்

டிக்‌ஷனரியை எப்போது தொட்டாலும் எச்எஸ்.அட்மின் மெனுவில் ஃபைல் தகவல் கேஷை (சேமித்து வைத்த நகலை) புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் பழைய அமைப்பே வந்துகொண்டிருக்கும்.

5. பவர் பிஐ-யில்

இப்போது ஆர்டர்ஸ், ஆர்டர்ஸ்_ஐட்டம்ஸ் என்று இரண்டு டேபிள்கள் தெரியும். ஆர்டர் எண்ணை வைத்து ஒன்றுக்குப் பல என்று உறவு கொடுங்கள். போக்குவரத்துக் கட்டணம் போன்ற ஆர்டர் மட்டத் தொகைகளை ஐட்டம் டேபிளோடு ஒட்டாதீர்கள், ஒவ்வொரு வரியிலும் திரும்ப வந்து கூட்டலில் சேர்ந்துவிடும். இரண்டாவதாக ஒரு கூட்டம் இருந்தால், பணம் செலுத்திய விவரம் போல, அதையும் ஆர்டர்ஸோடு மட்டும் இணையுங்கள்.

சிஎஸ்வி-யாக ஏற்றுமதி செய்து தினமும் ஏற்றுவது எளிது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மார்க்குகளைப் பிரிக்கும் வேலை அங்கேயும் இருக்கிறது, ஃபைல் அமைப்பு மாறினால் யாருக்கும் தெரியாமல் உடைந்துவிடும்.

பிற்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒருவர், ரிப்போர்ட் பாதி வரை வந்து நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். தேதி ஃபீல்டில் எங்கோ எழுத்தோ எண் ஃபீல்டில் குப்பையோ இருந்தால் அப்படி ஆகும். எச்எஸ்.ஸ்க்ரப் கட்டளை அந்த ஃபைலை அலசி எங்கே கோளாறு என்று காட்டும். அதற்குத் திருத்தும் விருப்பமும் உண்டு. முதலில் திருத்தாமல் அறிக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள், பிறகு டெஸ்ட் அக்கவுண்ட்டில் ஓட்டுங்கள்.

இன்னொருவர் பழைய பிக் பாணியிலான ஏ வகை டிக்‌ஷனரி பதிவுகள் மட்டுமே உள்ள அக்கவுண்ட் பற்றிக் கேட்டார். பழைய பதிவுகளை மாற்ற வேண்டாம், புரோகிராம்கள் அவற்றை நம்பியிருக்கலாம். பக்கத்திலேயே வேறு பெயரில் டி வகைப் பதிவுகளைப் புதிதாக எழுதி, அவற்றை மட்டும் அட் செலக்ட்டில் சேருங்கள்.